வண்டி எங்கே நிற்கிறது?



இந்த மாதம் ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். "பாஸ்டருக்கு எழுத வேற விஷயம் கிடைக்கலையா?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இந்த வண்டி விஷயத்தில் கர்த்தர் என்னோடு ஒரு வருஷத்துக்கு மேலாக வழக்காடிக்கொண்டிருக்கிறார். அதில் நான் தோற்ற இடங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியும், நான் வாரத்தில் ஆறு நாள் நூல்மில்லில் ஷிப்டு பார்க்கிறவன். மீதி நேரம் ஊழியம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி பக்கத்துச் சிற்றூர்களுக்கு இத்தனை காலமும் ஒரு பழைய டி.வி.எஸ். மொபெட்டில்தான் போய் வந்தேன். பின்னால் ஒரு சகோதரன், அவன் மடியில் டோலக், ஹேண்டில்பாரில் கைப்பிரதிப் பை. இப்படியே பல வருஷம் ஓடியது.

போன வருஷத்துக்கு முந்தின உபவாச ஜெபத்தில் நம்முடைய வாலிபத் தம்பிமார் எழுந்து ஒரு பாரத்தைச் சொன்னார்கள். "ஐயா, நாமளே ஒரு ஜீப் கட்டிருவோம். கண்மாய், ஓடை, காடு எதுவா இருந்தாலும் போகணும். வருஷத்துக்கு ஒரு தடவை கல்வராயன் மலை, சித்தேரி மலைக்கும் அதுலயே போயிட்டு வரலாம்." திட்டமும் கையில் வைத்திருந்தார்கள். பழைய டீசல் ஜீப் ஒன்று, நாலு சக்கரமும் இழுக்கிறது, இஞ்சினைப் பிரித்து வேலை, பெரிய டயர், மேலே இரும்புக் கேரியர், முன்னால் தடித்த இரும்புக் கம்பி, ஹாரன் மைக், உள்ளே தண்ணீர் டிரம்மும் அடுப்பும் படுக்கப் பலகையும். புதிதாக அந்த மாதிரி வண்டி வாங்கினால் 10 லட்சத்துக்கு மேலே போகும். நாமே பழைய சாமானில் கட்டினால் 3 லட்சத்துக்குள் முடியும் என்றார்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாரத்தினால் அல்ல, ஆசையினால். அப்சலோம் தனக்கு இரதமும் குதிரைகளும் முன்னோடும் ஆட்களும் வைத்துக்கொண்டதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த அப்சலோம் என் பாயிலேயே படுத்திருந்தான்.

மலிவு என்றால் யாருக்கு மலிவு?

அடுத்த ஞாயிறு காணிக்கை எடுத்தோம். நம்முடைய சபையில் பூக் கட்டுகிற ஒரு வயதான தாயார் இருக்கிறார்கள். மல்லிகையை எடுத்து முழம் முழமாகக் கட்டி, விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த தழும்பு. ஆராதனை முடிந்ததும் ஒரு சுருக்குப்பையை என் கையில் வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால் பத்து ரூபாய்க் காசாக நூறு ரூபாய். "ஐயா, ஜீப்புல எனக்கு ஒரு டயர்ல கொஞ்சமாவது இருக்கட்டும்" என்றார்கள்.

பிரியமானவர்களே, மூன்று லட்சம் மலிவு என்று நாங்கள் கணக்குப் போட்ட நோட்டு அந்த நூறு ரூபாய்க்கு முன்னால் நிற்கவில்லை. பத்து லட்சத்தோடு ஒப்பிட்டால் மூன்று லட்சம் மலிவு. அந்தத் தாயாரின் விரலோடு ஒப்பிட்டால்?

தாவீது பெத்லகேமின் கிணற்றுத் தண்ணீருக்கு ஆசைப்பட்டதை நினைத்துப் பாருங்கள். மூன்று பராக்கிரமசாலிகள் எதிரியின் பாளயத்தைக் கிழித்துக்கொண்டு போய் மொண்டு வந்தார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த தண்ணீர், அவர்களுடைய இரத்தத்துக்குச் சமம் என்று கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். ஏழையின் காணிக்கையும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். அதை வாங்குகிற ஊழியக்காரன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நான் இதை ஊற்றப்போகிறேனா, குடிக்கப்போகிறேனா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அந்த நோட்டை மறுபடியும் திறந்தேன்.

கரிசல் சொல்லிக்கொடுத்தது

முதல் பாடத்தைச் சொன்னவர் விசுவாசி அல்ல. திருச்சுழி பக்கத்தில் ஆயுசு முழுக்க மாட்டுவண்டி ஓட்டிய ஒரு பெரியவர். "நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வாங்கப்போறோம் பெரியப்பா, மழைக்காலத்துலயும் வருவோம்" என்றேன். அவர் சிரித்தார். "நம்ம கரிசல்ல மழைக்கு எறங்குனா ரெண்டு சக்கரம் சுத்துனா ரெண்டு குழி, நாலு சக்கரம் சுத்துனா நாலு குழி. மழை விட்டு ஒரு வெயில் காயட்டும்யா. மாடே எறங்காது, உங்க வண்டி எறங்குமா?"

அவர் சொன்னது சரி. கரிசல் மண் தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தில் களி மாதிரி டயரின் பூவுக்குள் புகுந்து அடைத்துவிடும். பூ அடைந்த டயர் மொட்டை டயருக்குச் சமம். நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்தாலும் பிடிக்க மண் வேண்டுமே? அதோடு, அந்த நாலு சக்கர அமைப்பே கூடுதல் எடை, கூடுதல் டீசல், கெட்டால் கூடுதல் செலவு. பாறையும் ஏற்றமும் உள்ள மலைப்பாதைக்கு அது மெய்யாகவே தேவை. நம்முடைய பூமிக்கு வேண்டியது வேறு: தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நல்ல இடைவெளி, தாங்கக்கூடிய பட்டை வில், குறைந்த எடை, சீமைக்கருவேல முள்ளுக்கு இரண்டு ஸ்டெப்னி, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒரு கை. எல்லாவற்றுக்கும் மேலாக, மழை பெய்த அன்று வீட்டில் இருக்கிற புத்தி.

மலைக்கு என்ன செய்வது என்றால், வருஷத்தில் நாலு நாள் மலைப் பயணத்துக்காக வருஷம் முழுக்க அந்த எடையைச் சுமக்க வேண்டியதில்லை. அடிவாரம் வரை பஸ். அங்கிருந்து மலைக்காரர் ஒருவரே ஓட்டுகிற ஜீப்பை வாடகைக்குப் பிடிக்கலாம். பாதை அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அந்தக் காசும் மலையிலேயே தங்கும்.

இரண்டாவது பாடம் சட்டத்திலிருந்து வந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. முன்பக்கம் வைக்கிற தடித்த இரும்புக் கம்பியை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. ஏன் தெரியுமா? உள்ளே இருக்கிறவனைக் காக்கிற மாதிரி தெரிகிற அந்தக் கம்பி, ரோட்டில் நடந்து வருகிறவன்மேல் பட்டால் அவனை நொறுக்கிவிடும். தம்பிமாரிடம் இதைச் சொன்னேன். "சுவிசேஷ வண்டிதானேய்யா, யாரு பிடிக்கப்போறா?" என்றான் ஒருவன். யாரும் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் நடந்து வருகிறவனைத் தேடிப் போகிற வண்டிக்கு, நடந்து வருகிறவனை நொறுக்குகிற கம்பி எதற்கு?

மூன்றாவது, இன்ஷூரன்ஸ். மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடு மட்டும் போட்டால் சில ஆயிரம் மிச்சம். ஆனால் உள்ளே உட்காருகிறவர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. முழுக் காப்பீடு போட வேண்டும். நோட்டில் அந்த வரியை ஒருவன் அடித்திருந்தான். அப்போதுதான் ஒன்று விளங்கியது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் யாருடைய உடம்பின்மேல் சிக்கனம் பிடிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பெயிண்டில் பிடிக்கலாம், கேரியரில் பிடிக்கலாம். பிரேக்கிலும் டயரிலும் காப்பீட்டிலும் பிடித்தால், நம்மை நம்பி ஏறுகிற ஏழையின் உடம்பில் பிடிக்கிறோம் என்று அர்த்தம்.

கடைசியில் நாலு சக்கர ஆசையை விட்டோம். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற ஒரு நீளமான பழைய டீசல் ஜீப்பை, பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு உள்ளதை, 1,40,000 ரூபாய்க்கு வாங்கினோம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி. பதிவை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தோம். இஞ்சின், பிரேக், டயர், காப்பீடு எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சத்துக்குள் முடிந்தது. கேரியரும் ஹாரன் மைக்கும் மாத்திரம் வைத்தோம். அந்த அளவுக்கு அப்சலோம் இன்னும் பாக்கியிருந்தான்.

நமக்கு முன்னே போனவர்கள்

வண்டி வாங்கின கையோடு, வேதாகமக் கல்லூரி டிப்ளமோ நாட்களில் படித்த மிஷன் சரித்திரக் குறிப்புகளைத் தூசி தட்டி எடுத்தேன். இரண்டு பேர் என்னை நிறுத்தினார்கள்.

ஒருவர் ராக்லண்ட் ஐயர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர் வாங்கியவர். சி.எம்.எஸ். மிஷனில் வந்து, 1854-இல் வடதிருநெல்வேலி என்று அன்று சொல்லப்பட்ட நம்முடைய இந்த வறண்ட சீமையில் கூடார ஊழியத்தைத் தொடங்கினார். பங்களா கட்டவில்லை. ஊருக்கு வெளியே கூடாரம் அடிப்பார், சுற்றுக் கிராமங்களுக்குப் போவார், கூடாரத்தைப் பிடுங்கி அடுத்த இடம் போவார். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து அவரோடு ஊழியத்துக்கு அனுப்பின. 1858-இல் சிவகாசியில் அவர் மரித்தார். சிவகாசி நமக்குப் பஸ் ஏறிப் போகிற தூரம். வண்டியின் வேகம் அவருக்கு இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் இராத்தங்கினார்.

இன்னொருவர் வேலூர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். 1909 வாக்கில் அவர்களுக்கு ஒரு சின்னப் பெஜோ கார் கிடைத்தது. முதலில் அதைக் கண்டு கிராமத்து ஜனங்கள் பேய் வருகிறது என்று ஓடினார்களாம். ஆனால் அம்மையார் அந்தக் காரை வைத்து என்ன செய்தார்கள் பாருங்கள். குடியாத்தம் ரோட்டில் வாரம் தவறாமல் போய், குறித்த இடத்தில், மரத்தடியில் நிறுத்தினார்கள். புண்ணும் காய்ச்சலும் கண்ணோயுமாக ஜனங்கள் காத்திருப்பார்கள். அந்த ரோட்டோர வைத்தியம் வளர்ந்து, வேலூர் ஆஸ்பத்திரியின் கிராமப் பணிக்கே அஸ்திபாரமானது. ஓடினவர்கள் பிறகு அதே காருக்காகக் காத்திருந்தார்கள். காரா மாறியது? இல்லை. அது எங்கே நிற்கும், என்றைக்கு நிற்கும் என்பது ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஜீப்பின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941-இல் யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி அது. 1947-இல் மகிந்திரா கம்பெனி நம் தேசத்தில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோர்க்கத் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறந்தது கலெக்டர் வண்டியானது, போலீஸ் வண்டியானது, ஆஸ்பத்திரி வண்டியும் ஆனது. இரும்புக்குத் தானாக நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் நாள்

இதையெல்லாம் படித்துவிட்டும் நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் நாள் மேலே ஹாரனைக் கட்டிக்கொண்டு, ஏழு பேர் ஏறி, பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு சிற்றூருக்குள் நுழைந்தோம். மொபெட்டில் பத்து வருஷமாகப் போன ஊர். நான் போனால் "வாங்கய்யா, தண்ணி குடிங்க" என்று திண்ணையில் இடம் விடுகிற ஊர்.

பிள்ளைகள் மாத்திரம் பின்னாலேயே ஓடி வந்தார்கள். டீக்கடையில் ஒருவர், "எந்தக் கட்சி?" என்று கேட்டார். பெண்கள் ஒருவரையும் காணோம். கதவுகள் சாத்தியிருந்தன. வழக்கமாக எங்களோடு ஜெபிக்கிற ஒரு சகோதரி வீட்டுக் கதவைத் தட்டினேன். சன்னல் வழியாகப் பார்த்து, என் முகத்தைக் கண்டபிறகுதான் திறந்தார்கள். "நீங்களாய்யா? குழு லோன் வசூலுக்கு ஆளுக வந்துட்டாகன்னு நெனச்சு எல்லாரும் கொல்லைப்பக்கமா போயிட்டாக. ஜீப்புல வேற யாருய்யா இங்க வருவா?"

பிரியமானவர்களே, என் மனது உடைந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னே என் வண்டி பிரசங்கம் பண்ணிவிட்டது. கடன்காரனுக்குப் பயந்து ஒளிகிற ஒரு தாய்க்கு, நான் கடன் மன்னிக்கிற தேவனைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஆனால் வசூல்காரன் வருகிற ரூபத்தில் வந்தேன்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. திரும்பும்போது குறுக்கே போகலாம் என்று தம்பி ஒருவன் கண்மாய்க்கரை ஓரமாக இறக்கினான். பெரியவர் சொன்னபடியே இரண்டு குழி. இறங்கித் தள்ளினோம், இன்னும் புதைந்தது. ஆறு கிலோமீட்டர் தூரத்தில் தார் ரோடு, எங்கள் காலில் தலைக்கு இரண்டு கிலோ கரிசல். வேறு வழியில்லாமல் அதே ஊருக்கு நடந்து திரும்பினோம்.

இப்போது கதவுகள் திறந்தன. நனைந்து சேறாகி நிற்கிறவனைக் கண்டு யார் பயப்படுவார்கள்? மத்தியானம் ஒளிந்த அதே பெண்கள் துணி கொடுத்தார்கள், கேப்பைக் கஞ்சி காய்ச்சினார்கள். ராத்திரி சிம்னி விளக்கில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு கடன், யார் புருஷன் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பவில்லை, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று பேசினார்கள். நாங்கள் பிரசங்கிக்கவில்லை, கேட்டோம். விடியும் முன் ஒருவர் பின் ஒருவராக "ஜெபம் பண்ணுங்கய்யா" என்றார்கள். வண்டி நின்றுபோன பிறகுதான் அன்றைய ஊழியம் தொடங்கியது. காலையில் அவர்கள் ஊர் டிராக்டர்தான் எங்கள் ஜீப்பை இழுத்து விட்டது.

யார் வண்டியில் யார் ஏறினது?

வீட்டுக்கு வந்து அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்புவின் சம்பவத்தை மறுபடியும் வாசித்தேன். எத்தனையோ முறை வாசித்ததுதான், ஆனால் ஒன்றைக் கவனித்ததே இல்லை. அந்த வனாந்தர ரோட்டில் இரதம் யாருடையது? பிரசங்கியாருடையது அல்ல, கேட்கிறவனுடையது. பிலிப்பு காலால் ஓடினான். அந்த எத்தியோப்பிய மந்திரிதான் அவனை ஏறச் சொல்லி வேண்டிக்கொண்டான். இரதத்தை நிறுத்தச் சொன்னதும் அவன்தான். பிலிப்பு அழைக்கப்பட்ட பிறகு ஏறினான், கேட்கப்பட்ட பிறகு பேசினான்.

இப்போது நம் வண்டியில் நிலைமை தலைகீழ். வண்டி நம்முடையது, ஏறுகிறவன் கஷ்டத்தில் இருக்கிறவன். நள்ளிரவில் வயிற்றுவலியோடு ஏறுகிறவனிடம் நான் ஆஸ்பத்திரி வரை பிரசங்கித்தால், அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து இறங்க முடியுமா? தலையை ஆட்டுவான், "சரிங்கய்யா" என்பான். அது விசுவாசமா, வண்டிக் கூலியா? கர்த்தர் ஒருவரையும் இப்படி மூலையில் வைத்துப் பிடிக்கவில்லை. ஐசுவரியவானாகிய அந்த வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோதும் போகவிட்டார்.

ஆகையால் நாங்கள் ஒரு தீர்மானம் பண்ணினோம். வண்டியில் ஏறுகிறவர் எந்த மதமாக இருந்தாலும், எந்தத் தெருவாக இருந்தாலும், ஏறும்போது ஒரு நிபந்தனையும் இல்லை. அவராகக் கேட்டால் ஜெபிப்போம். கேட்காவிட்டால் ரோட்டைப் பார்த்து ஓட்டுவோம். வாடகையும் வாங்குவதில்லை; சொந்த உபயோகப் பதிவுள்ள வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு.

ஹாரனைக் கழற்றினோம். வாரத்தில் என் ஓய்வு நாளன்று ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வண்டி நிற்கும். எந்த இடம் என்பதிலும் ஜெபித்தே தீர்மானித்தோம். மேலத்தெருவில் நிறுத்தினால் காலனி ஜனம் வராது. காலனியில் நிறுத்தினால் மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார். இரண்டுக்கும் பொதுவாகக் கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். முதல் மாதம் இரண்டு கூட்டமாக, இரண்டு பக்கம் நின்றார்கள். ஒரு பெஞ்சில் அவர்கள், எதிர்ப் பெஞ்சில் இவர்கள். நடுவில் இரண்டு முழந்தான் இடைவெளி. ஆனால் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், திரும்பும்போது ஒரே தண்ணீர்ப் பாட்டிலில் குடித்ததை என் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்தோத்திரம்!

தம்பியின் கேள்வி

ஒரு தம்பி என்னிடம் நியாயமாகவே கேட்டான். "ஐயா, இப்பத்தான் எல்லா ஊருக்கும் ரோடு வந்துருச்சே. 108 இருக்கு. பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட்டு கிடையாது. அப்ப வண்டியே தேவையில்லைன்னு சொல்றீங்களா? இல்ல, நடந்தே போயி இம்புட்டு ஜனத்தை எப்பச் சந்திக்கிறது? காலம் குறுகினதுன்னு நீங்கதானே பிரசங்கிச்சீங்க?"

நல்ல கேள்வி. 2000-இல் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் வந்தபிறகு எத்தனையோ சிற்றூர்களுக்குத் தார் ரோடு வந்தது மெய். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கி எத்தனையோ உயிரைக் காத்ததும் மெய். அதற்காகக் கர்த்தரைத் துதிப்போம். ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இன்றைக்கு நம்முடைய பூமியில் தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் சுத்தம் பண்ண வாரம் இரண்டு நாள் மதுரைக்குப் போகிறவர் விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட வேண்டும். அப்போது பஸ் இல்லை, அது 108-ஐக் கூப்பிடுகிற அவசரமும் அல்ல. சீமைக்கருவேலங்காட்டுக்குள் கரிமூட்டம் போடுகிற குடும்பம் இருக்கிறது, ஆட்டுக்கிடையோடு இடம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ரோடு அவர்கள் வரைக்கும் போவதில்லை. தூர தேசம் தேடி ஓடுகிற நமக்கு இந்தத் தூரம் கண்ணில் படவில்லை.

ஆகவே வண்டி தேவைதான். எத்தனை பெரியது தேவை என்றால், நம்மை அங்கே கொண்டுபோகிற அளவுக்கு அல்ல, அவர்களை இங்கே கொண்டுவருகிற அளவுக்கு. இரண்டும் ஒரே ரோடுதான். ஆனால் முதலாவது கணக்கில் கேரியரும் ஹாரனும் வேண்டும். இரண்டாவது கணக்கில் பிரேக்கும் பெஞ்சும் போதும்.

நல்ல சமாரியனைப் பாருங்கள். எரிகோ ரோட்டில் அவனுக்கு ஒரு வாகனம் இருந்தது. அடிபட்டவனை அதில் ஏற்றினான். ஏற்றினபிறகு அவன் என்ன செய்திருப்பான்? அந்த மலைச்சரிவில், கள்ளர் பயமுள்ள ரோட்டில், மிருகத்தின் பக்கத்திலே நடந்திருப்பான். தன் வாகனத்திலிருந்து இறங்கினவன் அவன். பவுல் அப்போஸ்தலனும் ஒருமுறை உடன் ஊழியரைக் கப்பலில் அனுப்பிவிட்டு, துரோவாவிலிருந்து ஆசோவுக்குத் தான் மட்டும் கால்நடையாகப் போனான். ஏன் என்று வேதம் சொல்லவில்லை. எங்கள் வழக்கமும் இப்போது இதுதான்: ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசி அரைக் கிலோமீட்டர் நான் நடக்கிறேன். நடந்து போனால் திண்ணையில் மறுபடியும் எனக்கு இடம் இருக்கிறது.

அந்தத் தாயாரின் டயர்

போன பங்குனியில் அந்தப் பூக் கட்டுகிற தாயாருக்குக் கண்ணில் புரை முற்றி, மதுரைக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வண்டியண்டை வந்து நின்றவர்கள் ஏறவில்லை. "ஐயா, இதுல என் டயரு எது?" என்று கேட்டார்கள்.

என்ன சொல்வது? நூறு ரூபாய் எந்த டயரில் போனது என்று எனக்கு எப்படித் தெரியும்? இடது பின்சக்கரத்தைக் காட்டினேன். குனிந்து, தடவிப் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்கள். என் கண்ணில் நீர் நிறைந்து, சாவி போடும் துவாரம் தெரியவில்லை.

பிரியமான தேவபிள்ளையே, நான் அந்தத் தண்ணீரை ஊற்றினேனா, குடித்தேனா என்று இன்னும் முழுவதுமாகத் தெரியாது. வண்டியைத் துடைக்கும்போது சில நாள் அப்சலோம் எட்டிப் பார்க்கிறான். அதனால்தான் வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அல்ல. யாருக்காக எங்கே நின்றது என்று அதில் எழுதுகிறோம். மாதக் கடைசியில் சபைக்கு முன்பாக வாசிக்கிறோம். ஊழியக்காரருக்காக நின்றது அதிகமாகிப் போன மாதம், அடுத்த மாத டீசலை என் சம்பளத்திலிருந்து போட வேண்டும் என்பது ஒப்பந்தம். இரண்டு மாதம் போட்டிருக்கிறேன்.

உங்களுக்கு ஜீப் இல்லாமல் இருக்கலாம். ஒரு சைக்கிள் இருக்கலாம், ஒரு ஆட்டோ இருக்கலாம், ஒரு வீடு, ஒரு படிப்பு, ஒரு நல்ல குரல் இருக்கலாம். எல்லாம் கர்த்தர் கொடுத்த வாகனம். அது எவ்வளவு வேகமாய் ஓடுகிறது என்று அவர் கேட்கப்போவதில்லை. யாருக்காக நிறுத்தினாய், நிறுத்தினபிறகு நீ இறங்கினாயா என்று கேட்பார்.

இந்த மாதம் நமக்காக ஒரு ஜெபக்குறிப்பு: விடியற்காலை நாலு மணிக்கு வண்டி எடுக்க, ஓட்டத் தெரிந்த இன்னும் இரண்டு சகோதரர் வேண்டும். லைசென்ஸ் இருக்கட்டும். கோபம் குறைவாக இருக்கட்டும். கர்த்தர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்